தையில் மல்லிகைத் திரை வேண்டாம், தாயி

அன்புள்ள தாயிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கல்யாணத்துக்கு மாதிரியாக நீ சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய ரிசப்ஷன் அலங்காரப் படங்களை அம்மா காட்டினாள். பூக்கடையில் கூட்டம் ஓய்ந்ததும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த மல்லிகைத் திரை. மேடைக்குப் பின்னால் மேலிருந்து தரை வரை சரம் சரமாகத் தொங்குகிறதே, அந்தப் படம். அழகுதான். காரைக்குடியிலும் இப்போது பலபேர் அதைத்தான் கேட்டு வருகிறார்கள். ஆனால் அது கோடையில் எடுத்த படமாகத்தான் இருக்கும். மல்லிகைக்குக் காலம் பங்குனியில் தொடங்கி ஆனி வரை. மார்கழி, தைப் பனியில் செடி மொட்டு வைக்கத் தயங்கும். மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வரத்து சுருங்கிவிடும். அதோடு முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் கிலோ 3000, 4000 ரூபாய்க்குக்கூடப் போயிருக்கிறது. சித்திரையில் அதே பூ சில நூறு ரூபாய்தான். உன் கல்யாணமோ தை கடைசியில். அந்தத் திரைக்குப் போடுகிற பணத்தில் ஒரு பந்திக்கே சாப்பாடு போட்டுவிடலாம்.

விலைகூட இருக்கட்டும், நேரத்தைப் பார். மல்லிகையை விடியற்காலையில் மொட்டாகப் பறிப்பார்கள். அன்று சாயங்காலம்தான் விரியும், மறுநாள் காலையில் பழுப்பேறிவிடும். ரிசப்ஷன் 7 மணிக்கு என்றால் பூ சரியாக அப்போதுதான் வாய் திறக்கும். அந்த வாசனை ஆளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது, பத்தடி தள்ளி மேடைச் சுவரில் இல்லை. அதனால் மல்லிகை உன் தலைக்கு, வருகிற பெண்களுக்கு வாசலில் தட்டில் வைத்துக் கொடுக்க, அவ்வளவுதான். காலை முகூர்த்தத்துக்கு வேண்டியதை முதல் நாளே மொட்டாக வாங்கி, ஈரத்துணி சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவேன்.

திரைக்குப் பதில் தென்னங்குருத்தும் பனையோலையும் போடலாம் என்பது என் எண்ணம். முகம் சுளிக்காதே. சென்னையில் இப்போது பெரிய கல்யாணங்களிலேயே ஓலைக் கிளி, ஓலை விசிறி, ஓலைப் பந்து என்று கேட்டு வாங்குகிறார்கள். நமக்கு அது ஊர்ச் சரக்கு. கொட்டான் என்கிற ஓலைக் கூடை பின்னுகிற கைகள் இங்கேயே இருக்கின்றன. சீர் கொண்டுபோகிற அந்தக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. குருத்தோலையைப் பின்னி, நடுநடுவே செண்டுமல்லியும் சம்பங்கியும் கோத்துத் தொங்கவிட்டால் ராத்திரி வரை வாடாது. பொங்கல் கிராக்கி முடிந்தபிறகு செண்டுமல்லி விலையும் இறங்கிவிடும். வாசலுக்குக் குலை தள்ளிய வாழையும் கூந்தப்பனையும் எப்படியும் உண்டு. அதில் உன்னிடம் யோசனை கேட்கப்போவதில்லை.

அப்புறம் அந்த வெளிர் நிறங்கள். இளஞ்சிவப்பு, பீச், வெளிர் பச்சை. எனக்குப் பிடித்திருக்கிறது, உண்மையாகத்தான் சொல்கிறேன். ஓசூரிலிருந்து ரோஜாவும் ஜெர்பராவும், ஊட்டிப் பக்கத்திலிருந்து கார்னேஷனும் பெட்டியில் வந்துவிடும். கார்னேஷன் நம் வெக்கைக்கும் நன்றாகத் தாங்கும். நீ வட்டம் போட்டுக் காட்டிய நீலக் கொத்து ஹைட்ரேஞ்சியா. அது தண்ணீருக்கு அலைகிற பூ, தண்டு தண்ணீரில் இல்லாவிட்டால் தலை தொங்கிவிடும். அதை விட்டுவிடு. வெள்ளைப் பூவில் நீலச் சாயம் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அதற்கும் தலையாட்டாதே. கை ஈரம் பட்டால் சாயம் புடவையில் ஏறும்.

டெக்கரேஷன் ஆட்களிடம் நான் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். பூக் குத்துகிற அந்தப் பச்சை ஸ்பாஞ்ச் கட்டி கூடாது. அது பிளாஸ்டிக் வகை. கையால் நசுக்கினால் தூளாகும், ஆனால் மக்காது. கல்யாணம் முடிந்து எச்சில் இலையோடு சேர்ந்து எங்கேயாவது கண்மாய்க் கரையில்தான் போய் விழும். லண்டனில் செல்சி மலர்க் கண்காட்சி நடத்துகிறவர்களே 2021லிருந்து அதைத் தங்கள் கண்காட்சிகளில் தடை செய்துவிட்டார்கள். நாங்கள் வாழைத்தண்டைத் துண்டு போட்டு, ஈர்க்குச்சியில் பூவைக் கோத்துக் குத்துவோம். தண்டில் தண்ணீர் இருக்கிறது, பூ குளிர்ச்சியாக நிற்கும். மறுநாள் மாட்டுக்குப் போட்டுவிடலாம்.

முகூர்த்தம் நடக்கிற கானாடுகாத்தான் வீட்டைப் பற்றி. அந்த வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றி, நிற்பது பர்மா தேக்குத் தூண். சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, தொட்டால் கண்ணாடி போல வழுக்கும். ஆணி அடிக்கக் கூடாது, டேப் ஒட்டக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னது நியாயம்தான், டேப்பை உரித்தால் பூச்சும் சேர்ந்து வரும். அந்தத் தூணை வெள்ளைத் துணி சுற்றி மறைத்திருக்கிற படத்தையும் நீ அனுப்பியிருக்கிறாய். அப்படி மறைப்பதற்கு அந்த வீட்டை ஏன் வாடகைக்கு எடுக்க வேண்டும்? தூணுக்கு ஒரு சுற்றுச் சரம் போதும். தரை வண்ண வேலைப்பாடு போட்ட ஆத்தங்குடிக் கல், பூக்கோலமே அதில் எடுபடாது. முற்றத்து ஓரத்தில் பித்தளை உருளிகளில் தாமரை மிதக்கவிடலாம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் உருளி கேட்டு வைத்திருக்கிறேன். முற்றத்தில் 10 மணிக்கு மேல் வெயில் இறங்கிவிடும், அதற்குள் போட்டோ எடுத்துவிடச் சொல்.

எல்இடி சுவர், நியான் எழுத்தில் பெயர், இதெல்லாம் ரிசப்ஷன் மண்டபத்தில் மாப்பிள்ளை இஷ்டம். நீங்கள் நடந்து வரும்போது இரண்டு பக்கமும் பொறி கிளம்புமே, அதை மட்டும் ஓலைக்குப் பக்கத்தில் வைக்க விடமாட்டேன்.

மாலை நான்தான் கட்டுவேன், அதை வேறு யாரிடமும் பேசாதே. ரோஜா இதழைச் செதில் செதிலாகத் தைக்கிற புது மாதிரி மாலை கேட்டிருந்தாய். தைத்துத் தருகிறேன். ஆனால் அது ரிசப்ஷனுக்கு. முகூர்த்தத்துக்குச் சம்பங்கியும் பன்னீர் ரோஜாவும் மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டியதுதான்.

ரிசப்ஷன் புடவையைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து இந்த வாரமே அனுப்பு. ட்யூப்லைட்டில் எடுத்தால் நிறம் மாறிவிடும். ஓசூருக்கு ரோஜா நிறத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தை கடைசி முகூர்த்தத்துக்கு எல்லோரும் அங்கேதான் சொல்லிவைப்பார்கள், பிந்தினால் மிஞ்சின நிறம்தான் கிடைக்கும்.

அன்புடன்,
அப்பா