குளியலறைத் தரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அங்கு நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். நீ பேசிப் பத்தொன்பது நாளாகிறது. கணக்குக்காகச் சொல்கிறேன், குறையாகச் சொல்லவில்லை. அம்மா கூப்பிடும்போதெல்லாம் மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது. ‘டூட்டியில் இருப்பாள்’ என்கிறேன். ‘டூட்டியில் இருப்பவள் சோறு தின்ன மாட்டாளா?’ என்கிறாள். நேற்று கோபத்தில் உனக்கென்று எடுத்துவைத்த நார்த்தங்காய் ஜாடியைத் திறந்துவிட்டாள். பிறகு அதற்கும் அழுதாள்.

மிளகு பாதி பறித்தாகிவிட்டது. ஏணியில் ஏற எனக்குத் தடை. கீழே நின்று கூடை வாங்குகிறேன். காப்பிக்குப் பூமழை இன்னும் வரவில்லை. காட்டெருமை இரண்டு கீழ்வேலியைச் சாய்த்துவிட்டுப் போயிருக்கின்றன. குரங்குகள் விடியும் முன்பே வந்துவிடுகின்றன. அம்மா தகரத் தட்டை எடுத்துத் தட்டத் தொடங்குகிறாள், நான் வழக்கம்போல் எழுந்து ரோட்டுப் பக்கம் போய்விடுகிறேன்.

போன மழையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாளே, அந்தத் தரையை பிளீச்சிங் பவுடர் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன். இப்போது பாசி இல்லை. உங்கள் போலீஸ் ஸ்டேஷனிலும் குளியலறைத் தரையைப் பார்த்துக்கொள். நம் நாட்டில் ஸ்டேஷன் குளியலறைகளில் வழுக்கி விழுந்து கை ஒடிந்தவர்கள், கால் ஒடிந்தவர்கள் என்று பேப்பரில் அடிக்கடி பார்க்கிறேன். அங்கே விழுகிறவர்கள் எல்லோரும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். அங்கேயே வேலை செய்கிறவர்கள் விழுவதில்லை. பழக்கப்பட்ட கால் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பேப்பரில் உங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று வந்திருந்தது. டீக்கடையில் வாசித்தேன். உன் பெயர் இல்லை, ஊர்ப் பெயர் இருந்தது. பையனுக்கு இருபத்துநான்கு வயதாம். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கடைக்காரர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடம் காட்டவில்லை.

ஊறுகாயைக் கூரியரில் அனுப்பலாம் என்றால் ஜாடி உடையும் என்கிறாள்.

கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்க்க உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சட்டக் கல்லூரி நோட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அப்போதெல்லாம் உன் கையெழுத்து எவ்வளவு குண்டாக இருந்தது! இப்போது கையெழுத்துப் போடுகிறாயா, கீறிவிடுகிறாயா? ‘சித்திரவதை என்றால் என்ன’ என்று தலைப்புப் போட்டு நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். இரவு உட்கார்ந்து முழுவதும் படித்தேன். 1984-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை. உடலுக்கோ மனதுக்கோ வேண்டுமென்றே கொடுக்கும் கடுமையான வேதனை. தகவல் வாங்க, ஒப்புக்கொள்ள வைக்க, தண்டிக்க, மிரட்ட. அரசு ஊழியரே செய்தாலும், அவர் சம்மதத்தோடு வேறொருவர் செய்தாலும். போரானாலும் நெருக்கடியானாலும் விலக்கு கிடையாது. மேலதிகாரி சொன்னார் என்பதும் சாக்காகாது. இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது, ஏற்புறுதி செய்யவில்லை, அதாவது தன்னைக் கட்டுப்படுத்தும்படி ஏற்கவில்லை என்று எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உனக்கு அப்போது இருபத்தொரு வயது.

அதற்கடுத்த பக்கத்தில்தான் எனக்கு மூச்சு நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

போர்க்கைதி முகாமைப் பற்றி உனக்கு ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன், மறுபடியும் கேள். டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது 1971 டிசம்பர் 16. சிவிலியன்களையும் சேர்த்து 93,000 பேர் என்று சொல்வார்கள். அவ்வளவு பேரையும் வடக்கே முகாம் முகாமாகப் பிரித்து வைத்தார்கள். எங்கள் ராணுவக் கம்பெனிக்கு ஒரு முகாமின் காவல். எனக்கு இருபது வயது. அதே சண்டையில் கூடப் படுத்திருந்தவனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள் எங்களில் இருந்தார்கள். வந்த முதல் நாளே சுபேதார் எங்களை வரிசையில் நிற்கவைத்துச் சொன்னார்: ‘கம்பிக்குள் இருப்பவன் குற்றவாளி அல்ல, தோற்றவன். அவனைத் தண்டிப்பது உங்கள் வேலை அல்ல. வைத்திருந்து, திருப்பிக் கொடுப்பது உங்கள் வேலை.’

போர்க்கைதிகளுக்கான ஜெனீவா ஒப்பந்தம் அவர்கள் மொழியிலேயே முகாமில் தொங்க வேண்டும். எங்கள் படைக்கு இருக்கும் வசதிக்குக் குறையாத தங்குமிடம். எடை குறையாத அளவுக்குச் சாப்பாடு. வெறும் பேச்சில்லை, மாதம் ஒருமுறையாவது எடை போட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். சிப்பாய்க்கு மாதம் எட்டு சுவிஸ் பிராங்க் கணக்கில் சம்பள முன்பணம். மாதத்துக்கு இரண்டு கடிதம், நான்கு அஞ்சலட்டையாவது எழுத விட வேண்டும். தப்பி ஓடப் பார்த்து அகப்பட்டால் அதைக் குற்றமாகக் கருதக் கூடாது. ஓடப் பார்ப்பது சிப்பாயின் சுபாவம். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம், அதுவும் முப்பது நாளுக்கு மேல் கிடையாது. இதையெல்லாம் பெருமையாக உனக்குச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? நியாயமாகப் பார்த்தால் பெருமையில் ஓட்டையும் உண்டு. சண்டை ஓய்ந்ததும் தாமதமில்லாமல் அனுப்பிவிட வேண்டும் என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. கடைசி ஆள் வாகா எல்லையைத் தாண்டியது 1974 ஏப்ரலில். இரண்டு வருடத்துக்கு மேல்.

விசாரிக்கும்போது அவன் சொல்ல வேண்டியது நான்கு: பெயர், பதவி, பிறந்த தேதி, எண். 2019 பிப்ரவரியில் நம் விமானி அபிநந்தனைப் பாகிஸ்தான்காரர்கள் பிடித்து, முகத்தில் ரத்தத்தோடு நிற்கவைத்து வீடியோ எடுத்தார்களே, அன்று நீதான் எனக்குப் போன் செய்து, ‘அப்பா, பார்த்தீர்களா? பெயரையும் எண்ணையும் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்ல முடியாது என்கிறார்’ என்று அழுதாய். கைதியைக் கூட்டம் வேடிக்கை பார்க்கும்படி விடக் கூடாது என்பதும் சட்டம் என்று சொன்னது நீதான். மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தபோது நம் வீட்டில் கேசரி கிண்டினோம்.

அந்த நான்குக்கு மேல் வாய் திறக்காதவனை அடிக்கக் கூடாது என்பது மட்டுமல்ல, பாப்பா. மிரட்டக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது, எந்த விதமான அசௌகரியத்துக்கும் ஆளாக்கக் கூடாது. சித்திரவதையா இல்லையா என்று வழக்காடவே அங்கே இடமில்லை. கோடு அதற்கு வெகு முன்பே போட்டாகிவிட்டது. துப்பாக்கியோடு நம்மைக் கொல்ல வந்தவனுக்கு இது. செயின் அறுத்தான், பைக் திருடினான் என்று சந்தேகத்தில் கூட்டிவரும் நம் ஊர்ப் பையனுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. நீ படித்தவள்.

உன் நோட்டின் அடுத்த பக்கத்துக்கு வருகிறேன். 1978-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டன் வழக்கில் ஐந்து விசாரணை முறைகளைப் பார்த்தது என்று எழுதியிருக்கிறாய். சுவரோரம் மணிக்கணக்கில் நிற்கவைப்பது, தலையில் பை மாட்டுவது, விடாத இரைச்சல், தூங்க விடாதது, சாப்பாடு தண்ணீரைக் குறைப்பது. மனிதத்தன்மையற்றது, இழிவுபடுத்துவது, ஆனால் சித்திரவதை அளவுக்கு இல்லை என்று தீர்ப்பு. கீழே அமெரிக்காவில் 2002-இல் அரசாங்க வழக்கறிஞர்கள் எழுதிக் கொடுத்தது: உறுப்பு செயலிழக்கும் அளவுக்கு வலி இருந்தால்தான் சித்திரவதையாம். மிளகு வியாபாரி தராசில் கட்டைவிரலை வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. உனக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த ஐந்தில் இரண்டை நான் செய்திருக்கிறேன்.

சுரங்கக் கதை. நம் வீட்டில் அந்தக் கதை தெரியாத ஆள் கிடையாது. கக்கூஸ் பின்னால் தோண்டிய சுரங்கத்தைக் கண்டுபிடித்ததற்காக எனக்குப் பத்து நாள் விசேஷ விடுப்பு கிடைத்தது, அந்த விடுப்பில்தான் வாழப்பாடிக்குப் போய் உன் அம்மாவைப் பெண் பார்த்தேன். நீ போலீஸ் வேலைக்கு நேர்காணல் போனபோதும் இதைச் சொன்னதாகச் சொன்னாய். எனக்கு அன்று நெஞ்சு அடைத்தது பெருமையால் என்று நினைத்துக்கொண்டாய்.

சுரங்கத்தைக் கண்டுபிடித்தது மழை. மண் உள்வாங்கியிருந்தது, யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். தோண்டியது யார் என்பதுதான் வேண்டியிருந்தது. என் வயதுப் பையன் ஒருவனைத் தனிக் கொட்டடியில் போட்டார்கள். ‘கை வைக்காதே, தூங்க மட்டும் விடாதே’ என்று எனக்கு உத்தரவு. சுபேதாருக்குத் தெரியாமல். தகரத் தட்டும் ஸ்பூனும் கொடுத்தார்கள். அவன் தலை சாயும்போதெல்லாம் தட்டினேன். மூன்று இரவு. ஜனவரிக் குளிர். இரண்டாம் இரவு ‘சோனே தோ’ என்றான், தூங்க விடு என்று. பிறகு அதையே முனகிக்கொண்டிருந்தான். அதன்பின் அவன் அம்மாவோடு பேசத் தொடங்கிவிட்டான், அவள் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல. நான் தட்டினேன். மூன்றாம் விடியலில் ஒரு பெயர் சொன்னான். அந்தப் பெயருடையவன் ஒரு மாதமாக மஞ்சள் காமாலையில் முகாம் ஆஸ்பத்திரியில் கிடந்தவன். எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பெயர் கிடைத்துவிட்டதே, கோப்பை மூட வேண்டுமே. குணமாகி வந்ததும் அவனுக்கு முப்பது நாள் முழுதாகக் கொடுத்தார்கள். எனக்குப் பத்து நாள் விடுப்பு.

அதே வாரம் செஞ்சிலுவைக்காரர்களின் ஜீப் வந்தது. கேட்டில் சத்தம் கேட்டதும் நான் முதலில் செய்தது தட்டையும் ஸ்பூனையும் மணல் மூட்டைக்குப் பின்னால் மறைத்ததுதான். யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போயிற்று. அந்தப் பையனை எடை போட்டார்கள், ஒரு கிலோகூடக் குறையவில்லை. அவர்கள் கைதியோடு தனியாகப் பேசுவார்கள், பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தவன் எனக்கு சலாம் வைத்தான்.

உன் நான்கு பக்க நோட்டை நான் எதிர்த்துப் பேச முடியாது. எனக்குத் தெரிந்தது அந்த ஜீப் மட்டும்தான். வெளியாள் வரும் சத்தம் கேட்டால் எதை மறைக்கிறாயோ, அதுதான். ரத்தம் வந்ததா, எலும்பு முறிந்ததா என்பது டாக்டர் எழுதும் கணக்கு.

தகரத் தட்டுச் சத்தம் எனக்குக் காது கூச்சம் என்று உங்களிடம் சொல்லி வைத்திருந்தேன். ஐம்பது வருடமாக அம்மா குரங்கு விரட்டும்போதெல்லாம் நான் ரோட்டில் நிற்பது இதனால்தான்.

உன் தாத்தா அஸ்தம்பட்டியில் பால் ஊற்றிக்கொண்டிருந்த காலத்தில், 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறைக்குள் துப்பாக்கிச் சூடு நடந்து 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் செத்தார்கள். அந்த மதிலோரம் போகும்போதெல்லாம் அவர் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். ‘உள்ளே இருப்பவனுக்கு ஓட இடமேது?’ என்பார். அந்த மனிதருக்குப் பிறந்தவன் தட்டைத் தட்டினேன். எனக்குப் பிறந்தவள் நீ.

நீ என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை. செய்தாயா, செய்தவர்களோடு ஒரே கூரையின் கீழ் பக்கத்து அறையில் கோப்பு எழுதிக்கொண்டிருந்தாயா, விடுப்பில் இருந்தாயா, எனக்குத் தெரியாது. கைதுக் குறிப்பு சாட்சியோடு எழுது, வீட்டாருக்குத் தகவல் சொல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டு. 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, உன் நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது. உன்னிடம் யாராவது வாக்குமூலம் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல். வேலை போனால் போகட்டும், மிளகுத் தோட்டம் இருக்கிறது. குளியலறைத் தரை என்று மட்டும் எழுதாதே. எந்தத் தாளிலும் எழுதாதே, பாப்பா.

இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. வாழப்பாடி விடுப்புக் கதையை இன்னும் பழையபடிதான் நம்பிக்கொண்டிருக்கிறாள். நீ வந்தால் உன்னை வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று இருக்கிறேன். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சனிக்கிழமை சேலத்திலிருந்து மலைக்கு வரும் கடைசி பஸ்ஸுக்கு டார்ச்சோடு நிறுத்தத்தில் நிற்பேன். வராவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் நிற்பேன். போன் செய்யாமல் வந்தாலும் பரவாயில்லை. ஊறுகாய் அம்மா திறந்ததில் முக்கால் ஜாடி மீதி இருக்கிறது.

இப்படிக்கு
அப்பா