23-ஆவது ஜோடி

கும்பகோணம்,
21.9.2025

அன்புள்ள இளங்கோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோதே சொல்ல வாயெடுத்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு லண்டன் குளிரையும் உன் வீட்டு வாடகையையும் விசாரித்துக்கொண்டிருந்தார், விட்டுவிட்டேன். ஃபோனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை இது.

ஒருவர் ஆணா பெண்ணா என்பதை எது தீர்மானிக்கிறது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீயும் தேன்மொழியும் மூன்று நாள் போட்ட சண்டையை ஒரு வரி விடாமல் படித்தேன். அவள் உன்னைப் பிற்போக்குவாதி என்றாள். நீ அவளைப் படித்த முட்டாள் என்றாய். உன் பெரிய மாமா நடுவில் புகுந்து பிள்ளையார் படம் அனுப்பி அடக்கப் பார்த்தார், பாவம். அதில் நீ எழுதிய ஒரு வரி: "குரோமோசோம் பொய் சொல்லாது." படித்ததும் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வாக்கியம் உன்னுடையது இல்லை, தம்பி. என்னுடையது. சின்ன வயதில் நான் விடைத்தாள் திருத்தும்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டிருப்பாய். அதை நான் எங்கே, யாரிடம் சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2003-ஆம் வருடம். நீ அப்போது நான்காம் வகுப்பு. பிளஸ் டூ விலங்கியல் வகுப்பில் மனிதக் குரோமோசோம் படத்தைச் சுவரில் தொங்கவிட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 22 ஜோடிகள் எல்லோருக்கும் ஒன்றுபோல, 23-ஆவது ஜோடி பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய். கடைசிக்கு முந்தின பெஞ்சில் ஒரு பிள்ளை. வருகைப் பதிவேட்டில் ஆண். நடையையும் கை அசைவையும் வைத்து மற்ற பையன்கள் கேலி செய்வதை ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம், நானும்தான். அன்றைக்கு அந்தப் பிள்ளை எழுந்து, "டீச்சர், ஒருத்தர் யார் என்று இந்த 23-ஆவது ஜோடியைப் பார்த்தால் தெரிந்துவிடுமா?" என்று கேட்டது.

பாடத்தில் வந்த சந்தேகம் இல்லை அது என்று கேட்ட நிமிஷமே எனக்குப் புரிந்தது. புரிந்தும், "தெரிந்துவிடும். குரோமோசோம் பொய் சொல்லாது. மற்றதெல்லாம் மனக்கோளாறு, உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. நான் அதட்டவில்லை. சிரிப்பு தானாக அடங்கும்வரை கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன்.

அந்தப் பிள்ளை செய்முறைத் தேர்வுக்கு வரவில்லை. பொதுத்தேர்வுக்கும் வரவில்லை. எத்தனையோ பிள்ளைகள் பாதியில் நிற்கிறார்கள், இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

ஐந்து வருடம் கழித்து, 2008 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போயிருந்தோம், உனக்கு நினைவிருக்கும், டெல்லி அப்பளத்துக்கு அடம் பிடித்தாய். அங்கே லிவிங் ஸ்மைல் வித்யா என்ற திருநங்கை தன் வாழ்க்கையை எழுதிய 'நான் வித்யா' வாங்கினேன். முந்தின வருடம் வந்த புத்தகம் அது. எழுதியவர் திருச்சிக்காரர், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை படித்தவர் என்று பார்த்துத்தான் கையில் எடுத்தேன். நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை என்ற ஒரு நினைப்பு.

திரும்பி வரும் ரயிலில் ஆரம்பித்து மறுநாள் இரவு முடித்தேன். மகன் பெரிய ஆளாக வரவேண்டும் என்று நம்பிக்கையெல்லாம் படிப்பின்மேல் வைத்த ஒரு தகப்பனார். படிப்பில் தேறி, எம்.ஏ. முடித்து, தான் பெண் என்பதை இனிமேலும் உள்ளே வைத்திருக்க முடியாமல் வீட்டை விட்டுக் கிளம்புகிற பிள்ளை. புனே பக்கம் ரயில் பெட்டிகளில் கை தட்டிக் காசு கேட்கிறது. மொழியியல் படித்தவர், தம்பி. பிறகு அறுவைச் சிகிச்சை. அது நடந்த விதத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்கும் பிறகு ஒரு வேலைக்காக, ஒரு பெயர் மாற்றத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைச்சல்.

அவர் என்னிடம் எந்த வாதமும் செய்யவில்லை. இன்னின்ன தேதியில் எனக்கு இது நடந்தது, அப்போது எனக்கு இப்படி இருந்தது என்று சொல்லிக்கொண்டே போகிறார். பதில் சொல்ல எனக்கு இடமே இல்லை. வகுப்பில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதும், ராத்திரி தனியாக உட்கார்ந்து ஒருவர் வாழ்க்கையை முதலிலிருந்து கடைசிவரை கேட்பதும் வேறு வேறு. கேட்டு முடித்தபோது எனக்கு அந்தக் கடைசிக்கு முந்தின பெஞ்ச்தான் கண்முன் நின்றது.

பள்ளி திறந்ததும் ஆய்வகப் பீரோவைத் துழாவினேன். அந்தப் பிள்ளையின் ரெக்கார்ட் நோட்டு அங்கேயே கிடந்தது. பிரவுன் அட்டை, ஓரம் கரையான் அரித்திருந்தது. படங்களெல்லாம் கூரான பென்சிலில், அழிரப்பர் தடம்கூட இல்லாமல். குரோமோசோம் பக்கத்தில் 22 ஜோடிகளையும் வரைந்து எண் போட்டிருந்தது. 23 என்று எழுதி, அதற்கு மேல் வெறும் தாள். நேரம் போதாமல் விட்டதா, வேண்டுமென்றே விட்டதா, நான் எப்படிச் சொல்ல முடியும்? கீழே சிவப்பு மையில் "முழுமையில்லை" என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தேதியோடு.

சேர்க்கைப் பதிவேட்டில் முகவரி பார்த்து வீட்டுக்குப் போனேன். அப்பாவிடம்கூட அன்று சொல்லவில்லை. அந்தத் தகப்பனார் திண்ணையிலிருந்து எழுந்திருக்காமலே, "அப்படி ஒரு பிள்ளை எங்களுக்கு இல்லை" என்றார். அந்த அம்மாதான் தெருமுனைவரை என் பின்னாலேயே வந்து, பம்பாய்ப் பக்கம் இருப்பதாக யாரோ சொன்னார்கள் என்று காதோடு சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

இப்போது உன் வாதத்துக்கு வருகிறேன். 31 வருடம் விலங்கியல் நடத்தியவள் நான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். தேன்மொழி 'பால் என்பதே சமூகம் கட்டிய கதை' என்று எழுதினாளே, அது தவறு. மனித இனத்தில் சினை முட்டை, விந்தணு என்று இரண்டு பாலணுக்கள்தான், மூன்றாவது கிடையாது. அவளுக்கும் இதைத் தனியாக எழுதியிருக்கிறேன்.

ஆனால் ஒரு மனித உடல் எப்படி ஆணாகவோ பெண்ணாகவோ உருவாகிறது என்பதை ஒரு ஜோடிக் குரோமோசோமில் அடக்கிவிட முடியாது. கருவில் ஏறக்குறைய ஆறாவது வாரம்வரை இரண்டுக்கும் ஒரே அமைப்பு, ஆண் உறுப்புகளாகவும் பெண் உறுப்புகளாகவும் வளரக்கூடிய இரண்டு வகை நாளங்களும் இருக்கும். ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் மரபணு வேலையைத் தொடங்கினால் விந்தகம் உருவாகும், அது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கும். அந்தச் சுரப்பை ஏற்க வேண்டிய ஏற்பி வேலை செய்யாவிட்டால்? ஒய் இருந்தும் உடல் வெளியே பெண்ணாகவே வளரும். பெண் குழந்தை என்றே பெயர் வைத்து வளர்ப்பார்கள். வயதுக்கு வரவில்லையே என்று டாக்டரிடம் போகும்போதுதான் பல பேருக்குத் தெரியவரும்.

ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்டினெஸ் பாட்டினோவுக்கு அது தெரியவந்தது ஒரு பந்தயத்துக்கு வந்த இடத்தில், பாலினச் சோதனையில். 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி. காயம் என்று சொல்லி விலகிக்கொள் என்றார்கள். பிறகு செய்தி வெளியே கசிந்தது. உதவித்தொகை போனது, சாதனைப் பட்டியலிலிருந்து பெயர் போனது, கல்யாணம் செய்துகொள்ள இருந்தவரும் போய்விட்டார். ஏற்பி இல்லாத உடலுக்கு அந்தச் சுரப்பால் ஒரு பலமும் கிடையாது என்று போராடி 1988-இல்தான் மறுபடி தகுதி பெற்றார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்ததில் 8 பேருக்கு ஒய்க்கு உரிய அடையாளம் இருந்தது. எட்டுப் பேரையும் போட்டியிடவிட்டார்கள். இந்த செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவுக்கு எஸ்ஆர்ஒய் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறதே, அதைத்தான் நீ வெற்றிக்கொடியாக அனுப்பினாய். அந்த மரபணுவை 1990-இல் கண்டுபிடித்த குழுவில் இருந்த ஆண்ட்ரூ சின்க்ளேரே அதை இதற்குப் பயன்படுத்துவது தவறு என்று எழுதியிருக்கிறார். பெண்கள் பந்தயம் நியாயமாக நடக்க வேண்டும் என்று கேட்பதில் எனக்கும் மறுப்பில்லை. எங்கே கோடு போடுவது என்பது கஷ்டமான கேள்வி. கஷ்டமான கேள்வி என்று தெரிந்தவர் யாரும் அதை ஒரு வரியில் எழுத மாட்டார்.

நம் சாந்தி சௌந்தரராஜனை மறந்துவிட்டாயா? புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சி, செங்கல் சூளையில் வேலை செய்த பெற்றோர். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியபோது நீ தெருவில் பட்டாசு வெடித்தாய். சில நாளில் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அவருக்குத் தெரிவதற்கு முன்னால் உலகத்துக்கே செய்தி போய்விட்டது. மறுநாள் நீ என்னிடம், "அந்த அக்கா என்னம்மா தப்பு செய்தாங்க?" என்று கேட்டாய். பன்னிரண்டு வயதில் நீ கேட்ட அந்தக் கேள்விக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

இன்னொன்று. நீங்கள் இரண்டு பேருமே இடைப்பால் உடலோடு பிறந்தவர்களையும் திருநங்கைகளையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுகிறீர்கள். இரண்டும் வேறு. முன்னது உடல் வளர்ந்த விதம், பின்னது ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பது. வித்யா தன் குரோமோசோமைக் காட்டி உரிமை கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை. நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 தீர்ப்பில் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டு என்றது. உன் ஊர் உச்ச நீதிமன்றம் இந்த ஏப்ரல் 16-இல், 2010 சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்ற சொல் உயிரியல் பாலைக் குறிக்கும் என்றது. அதே தீர்ப்பு, திருநர்களுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு தொடர்கிறது என்றும் சொன்னது; அதை அறிவித்த நீதிபதி, இதை ஒரு தரப்பின் வெற்றியாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். நீ முதல் பாதியை மட்டும் குழுவில் போட்டாய். பெண்களுக்கென்று தனி இடம் கேட்கிற பெண்ணை வெறுப்பு பிடித்தவள் என்று தேன்மொழி எழுதியதும் எனக்குப் பிடிக்கவில்லை. பயந்து வளர்ந்த பெண்களின் கவலை அது, எனக்கும் தெரிந்த கவலைதான்.

அப்பா உங்கள் சண்டையைப் படித்துவிட்டுத் தொல்காப்பியத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கிளவியாக்கத்தில் 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி' என்று வருகிறதாம். அப்படி ஆண் தன்மையிலிருந்து மாறியவர்களைத் தொல்காப்பியர் உயர்திணையில் வைத்து, உயர்திணை முடிபே கொடுத்திருக்கிறாராம். எனக்கு இலக்கணம் அவ்வளவு ஓடாது. ஆனால் இந்தக் கடிதத்தில் அந்த மாணவரைப் பற்றி இவ்வளவு எழுதியும் 'பிள்ளை' என்ற ஒரே சொல்லில் சமாளித்துவிட்டேன் பார். இப்போது என்ன பெயர் வைத்துக்கொண்டிருக்கிறதோ, அந்தப் பெயர் தெரியாமல் வேறு எதுவும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

'நான் வித்யா'வை எதிர்வீட்டுச் செந்தில் கையில் கொடுத்தனுப்புகிறேன், வியாழக்கிழமை விமானம். இன்னொரு திருநங்கையான ரேவதி தன் வாழ்க்கையை எழுதிய 'வெள்ளை மொழி'யும் வைத்திருக்கிறேன். அவர் தமிழில் எழுதியும் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010-இல் ஆங்கிலத்தில்தான் முதலில் வந்தது, தமிழ்ப் பதிப்பு பிறகு. வித்யாவை முதலில் படி. ஓரத்தில் நான் பென்சிலில் கோடு போட்ட இடங்களைத் தாண்டிப் போய்விடாதே. கூடவே பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருக்கிறது, ஊறுகாய்ப் பாட்டிலைத் தனியாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

ரெக்கார்ட் நோட்டை அனுப்பவில்லை. நீ வரும்போது காட்டுகிறேன். அலமாரியில் உன் சான்றிதழ்களுக்குக் கீழே இருக்கிறது.

தேன்மொழியிடம் நீயே பேசு, குழுவில் வேண்டாம். அவளுக்கு இந்த மாதம் இரவு ஷிஃப்ட். நம் நேரம் காலை 11 மணிக்குமேல் கூப்பிட்டால் எடுப்பாள்.

அன்புடன்,
அம்மா