எட்டு அணி, ஏழு ஆட்டம்

அன்பு மகளுக்கு,

கல்லூரிப் பத்திரிகையில் அமெரிக்கன் ஃபுட்பால் பக்கத்தை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்ததும் சந்தோஷம். நீ அனுப்பிய வரைவையும் படித்தேன். போன வருட ஸ்கோர்களைக் கூட்டி, உன் கான்ஃபரன்ஸில், அதாவது ஒன்றோடொன்று ஆடும் கல்லூரிக் குழுவில், இருக்கும் எட்டு அணிகளையும் ஒன்று முதல் எட்டு வரை வரிசைப்படுத்தியிருக்கிறாய். வரிசை தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஸ்கோர்போர்டே சொல்லிவிடுகிறதே. எந்த அணி எதனால் பலமானது, அந்தப் பலம் இந்த வருடமும் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் உன் வாசகர்களுக்கு வேண்டும்.

முதலில் உன் கான்ஃபரன்ஸ் ஏன் இவ்வளவு கடினமானது என்று புரிந்துகொள். கல்லூரி விளையாட்டில் மூன்று டிவிஷன், ஒன்றுதான் உச்சம், உங்கள் எட்டும் மூன்றில். விஸ்கான்சின் மாநிலத்தில் டிவிஷன் ஒன்றில் ஃபுட்பால் ஆடுவது மேடிசனில் இருக்கும் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் ஒன்றுதான். மார்க்கெட் பல்கலைக்கழகம் 1960-இல் ஃபுட்பாலை நிறுத்திவிட்டது. மில்வாக்கி பல்கலைக்கழகம் 1970-களில் நிறுத்தியது. டிவிஷன் இரண்டில் மாநிலத்துக்குள் ஃபுட்பால் அணியே கிடையாது. ஆகவே மேடிசன் எடுக்காத ஒரு நல்ல பள்ளி லைன்மேனுக்கு (முன்வரிசையில் நின்று தடுக்கும் ஆளுக்கு) பெரும்பாலும் இரண்டு வழி. ஸ்காலர்ஷிப்புக்காகப் பக்கத்து மாநிலத்துக்குப் போகலாம். அல்லது ஓ கிளேர், லா கிராஸ், ஆஷ்கோஷ், பிளாட்வில், ரிவர் ஃபால்ஸ், ஸ்டீவன்ஸ் பாயின்ட், ஸ்டவுட், வைட்வாட்டர் என்ற இந்த எட்டில் ஒன்றில் சேரலாம். எட்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள், உள்ளூர் மாணவனுக்குக் கட்டணம் குறைவு. டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது என்பதால், குறைந்த கட்டணமே இங்கே பெரிய தூண்டில். மின்னசோட்டா மாணவர்களுக்கும் இரு மாநில ஒப்பந்தத்தால் கட்டணச் சலுகை உண்டு. எல்லைக்குப் பக்கமாக இருக்கும் ரிவர் ஃபால்ஸும் ஸ்டவுட்டும் ஆள் சேர்ப்பதைப் பார்க்கும்போது இதை மறந்துவிடாதே.

ஒஹாயோ கான்ஃபரன்ஸோடு ஒப்பிட்டுப் பார். அங்கே மவுண்ட் யூனியன் பல்கலைக்கழகம் என்ற ஒரே மலை. 1993 முதல் 2017 வரை 13 தேசியப் பட்டங்கள், அதில் 11 லாரி கேரஸ் பயிற்சியாளராக இருந்தபோது வந்தவை. அவர் கணக்கு 332 வெற்றி, 24 தோல்வி, 3 சமன். அந்தக் கான்ஃபரன்ஸில் பல வருடம் இரண்டாம் இடத்துக்குத்தான் போட்டியே. உன் பக்கம் அப்படி இல்லை. வைட்வாட்டர் 2007, 2009, 2010, 2011, 2013, 2014 என்று ஆறு பட்டம் வாங்கியது உண்மை. அவர்களும் மவுண்ட் யூனியனும் இறுதி ஆட்டமான ஸ்டேக் பௌலில் 2005-இலிருந்து 2011 வரை ஏழு வருடம் விடாமல் மோதினார்கள். பிறகு 2013, 2014-இலும். ஆனால் லா கிராஸுக்கு 1992, 1995 பட்டங்கள் உண்டு. ஆஷ்கோஷ் 2016-இல் ஸ்டேக் பௌல் வரை போய் 10-7 என்று தோற்றது. மேலே இருப்பவன் சறுக்கினால் பிடிக்க ஆள் தயாராக நிற்கும் இடம் இது.

இதற்கு நல்ல சாட்சி 2012. வைட்வாட்டர் தொடர்ந்து 46 ஆட்டம் ஜெயித்துக்கொண்டு வந்தது. செப்டம்பரில் பஃபலோ ஸ்டேட் 7-6 என்று ஒரே புள்ளியில் அந்தத் தொடரை முடித்தது. அந்த வருடம் வைட்வாட்டர் 7-3 (ஏழு வெற்றி, மூன்று தோல்வி), தேசியப் பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபே கிடைக்கவில்லை. அடுத்த இரண்டு வருடமும் சாம்பியன்! போன வருட வரிசையை வைத்து இந்த வருடம் எழுதாதே என்று சொல்வது இதனால்தான்.

அட்டவணைக்கு வருகிறேன். எட்டு அணி என்பதால் ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் ஆட வேண்டும். பெரிய கான்ஃபரன்ஸ்களில் பலமானவனோடு மோதாமலே பட்டம் வாங்கும் அதிர்ஷ்டம் சிலருக்கு வாய்க்கும். இங்கே அந்தப் பேச்சே இல்லை. ஆனால் ஏழு ஒற்றைப்படை எண். பாதி அணிக்கு நாலு ஆட்டம் சொந்த ஊரில், மூன்று வெளியூரில், மீதிக்கு நேர்மாறு. நீ கணிக்கும் முதல் மூன்று அணிகளில் யாருக்கு நாலு வந்திருக்கிறது, அந்த மூவருக்குள் நடக்கும் ஆட்டங்கள் யார் மைதானத்தில் என்று ஒரு தாளில் எழுதி வை. உன் வரைவில் இது இல்லவே இல்லை.

சீசனின் பத்து ஆட்டத்தில் மீதி மூன்று வெளிக் கான்ஃபரன்ஸோடு. அந்த மூன்று பேரைப் பிடிப்பதே பயிற்சியாளர்களுக்குத் தலைவலி. மற்ற இடங்களில் ஒன்பது, பத்து அணி இருப்பதால் அவர்களுக்கு வெளியே ஆட ஒன்றிரண்டு வாரம்தான் காலி. அதையும் விஸ்கான்சின்காரனிடம் அடி வாங்கச் செலவழிக்க யாருக்கு மனசு வரும்? அதனால் தொலைதூரப் பயணம், அல்லது மிக வலுவான எதிரி, இரண்டில் ஒன்று. செப்டம்பரில் ஓர் அணி 1-2 என்று நின்றால் பலவீனம் என்று எழுதிவிடாதே. யாரிடம் தோற்றது என்று பார்த்துவிட்டு எழுது. 60 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த 3-0 அணியையும் அதே சந்தேகத்தோடு பார்.

இனி பலத்தை அளப்பது. முதலில் அஃபென்சிவ் லைன்: பந்து வைத்திருக்கும் அணியில் முன்னால் நின்று தடுக்கும் ஐந்து பேர். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். இந்த டிவிஷனில் ஆட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த ஐந்து பேர்தான். காரணம் எளிது. பதினெட்டு வயதிலேயே 135 கிலோவோடு வேகமும் உள்ள பையனை மேல் டிவிஷன்கள் எடுத்துக்கொண்டுவிடும். இங்கே வருகிறவன் 105, 110 கிலோ. அவனை மூன்று வருடம் எடைப் பயிற்சியில் வைத்து, சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டும். நாலாம் வருட லைன்மேனும் முதல் வருடப் பையனும் எதிரெதிரே நின்றால் பார்க்கிற உனக்கே சங்கடமாக இருக்கும். அப்படி வளர்ந்து மேலே போனவர்களும் உண்டு: வைட்வாட்டர் லைன்மேன் குவின் மைனர்ஸை தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் 2021 டிராஃப்டில் மூன்றாம் சுற்றில் டென்வர் அணி எடுத்தது.

எப்படி எண்ணுவது? போன வருட ஆட்டக் குறிப்புகளிலிருந்து, இந்த வருடம் லைனில் நிற்கப் போகும் ஐந்து பேரும் ஆளுக்கு எத்தனை ஆட்டம் தொடக்கத்திலிருந்து ஆடினார்கள் என்று எடு. 10, 10, 9, 4, 0 என்றால் மொத்தம் 33, அதிகபட்சம் 50. முப்பதுக்கு மேல் இருந்தால் நிம்மதி. இருபதுக்குக் கீழே என்றால், குவார்ட்டர்பேக் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் அந்த அணியை முதல் மூன்றில் வைக்க நான் யோசிப்பேன். லைனின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டர் புதியவனா என்று தனியாகப் பார். அப்படிக் கொடுக்கும் ஸ்னாப் தவறுவதும், எதிரணி பிளிட்ஸ் (குவார்ட்டர்பேக்கை நோக்கிக் கூடுதல் ஆள்) வரும்போது யார் யாரைத் தடுப்பது என்று குழம்புவதும் அங்கேதான் தொடங்கும்.

ஆள் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதே. நூறு பேருக்கு மேல் பட்டியல் இருக்கும். பாதிப் பேர் முதல் வருடம். ஸ்காலர்ஷிப் இல்லாததால் விலகுவதற்கும் தடையில்லை, அக்டோபருக்குள் பலர் போய்விடுவார்கள். முதல் ஆளும் மாற்று ஆளும் இருக்கும் டூ-டீப் பட்டியலை மட்டும் எடுத்து, ஒவ்வொரு இடத்திலும் இரண்டாவது ஆள் எந்த வருடம் என்று குறி. டிஃபென்சிவ் லைனில் இரண்டாவது வரிசையும் மூன்றாம், நாலாம் வருடம் என்றால் அந்த அணி நாலாம் குவார்ட்டரில் தளராது.

அடுத்தது எண்கள். நீ பெரிய தப்பு செய்திருப்பது இங்கேதான். கல்லூரி ஃபுட்பாலில் சாக்கில், அதாவது பாஸ் போடுமுன் குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படும்போது, இழக்கும் யார்டுகளை ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள், பாஸ் கணக்கில் அல்ல. உன் வரைவில் ஓர் அணியின் 'ஓட்டம் பலவீனம்' என்று எழுதியிருக்கிறாய். இப்படி வைத்துக்கொள்: ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாளான பாக்ஸ் ஸ்கோரில் 38 ஓட்டம், 120 யார்டு, அதாவது ஓட்டத்துக்கு 3.2. அதில் 5 சாக், 35 யார்டு இழப்பு. அதை எடுத்துவிட்டால் 33 ஓட்டம், 155 யார்டு: 4.7. நல்ல ஓட்டம்! இப்போது பாஸ் பக்கம் வா. 30 பாஸ், 240 யார்டு, 8.0 என்று ஜோராக இருக்கும். சாக்கைச் சேர்த்தால் 35 முயற்சி, 205 யார்டு: 5.9. ஒரே ஆட்டம், ஆனால் நோய் வேறு இடத்தில். எட்டு அணிக்கும் இந்தக் கணக்கைத் திருத்திப் போடு. ஒரு மாலை வேலைதான்.

ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்பதும் ஏமாற்றும். ரிவர் ஃபால்ஸ் ஒரு காலத்தில் மைக் ஃபார்லி பயிற்சியில் விஷ்போன் என்ற ஓட்ட ஆட்டமுறைக்குப் பெயர் போனது. மேட் வாக்கர் வந்தபின் ஹடில் (கூடிப் பேசுதல்) இல்லாமல் அடுத்தடுத்து ஸ்னாப் எடுக்கும் அதிவேக ஆட்டமாயிற்று. வேகமாக ஆடினால் இரு பக்கத்துக்கும் வாய்ப்பு கூடும். பந்து ஒரு முறை கைக்கு வந்து போகும்வரை ஒரு டிரைவ்: 16 டிரைவில் 32 புள்ளி என்றால் டிரைவுக்கு 2. மெதுவாக ஓடி ஆடும் அணி 10 டிரைவில் 25 எடுத்தால் 2.5. எது பலமான அஃபென்ஸ்? அதுபோலவே வேக அணியின் டிஃபென்ஸ் நிறையப் புள்ளி கொடுத்தது என்று திட்டாதே. அவர்கள் தடுக்க வேண்டிய டிரைவே அதிகம். டிரைவுக்கு இத்தனை என்றே எழுது. ஓவர்டைமில் 25 யார்டு கோட்டிலிருந்து தொடங்குவதால் அந்தப் புள்ளிகளைக் கழித்துவிடு. 2024-இலிருந்து டிவிஷன் மூன்றில் முதல் டவுன் (நாலு முயற்சிக்குள் பத்து யார்டு) எடுத்தாலும் ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடம் தவிர கடிகாரம் ஓடுகிறது. அதனால் அதற்கு முந்தைய சாதனைகளோடு மொத்த யார்டுகளை நேராக ஒப்பிடாதே.

டர்ன்ஓவர் வித்தியாசம் (எதிரியிடம் பறித்த பந்துகளிலிருந்து தான் இழந்தவற்றைக் கழித்தது) +15 என்று ஓர் அணி இருந்தால் பாராட்டிவிட்டு, எதனால் வந்தது என்று பிரி. எதிரியின் பாஸைப் பிடிக்கும் இன்டர்செப்ஷன்கள் ஓரளவு திறமை: குவார்ட்டர்பேக்கை நெருக்கும் பாஸ் ரஷ் இருந்தால் வரும். தரையில் விழுந்த பந்து யார் கையில் சிக்கும் என்பது ஏறத்தாழ நாணயச் சுண்டல்தான். எதிரணி கைவிட்ட 14 பந்தில் 11-ஐ எடுத்த அணி அடுத்த வருடமும் அப்படி எடுக்காது.

உதைப்பதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை, அம்மாடி. இந்த டிவிஷனில் அணிகளுக்குள் வித்தியாசம் மிக அதிகமான இடம் அதுதான். 40 யார்டுக்கு மேல் நம்பி அனுப்பக்கூடிய கிக்கர் எல்லோரிடமும் இல்லை. இல்லாதவன் எதிரணியின் 28-வது கோட்டில் நாலாவது டவுனில் உதைக்காமல் ஆடியே தீர வேண்டும். பந்தைத் தூரமாக உதைத்து எதிரிக்குக் கொடுக்கும் பன்ட்டில் நிகரக் கணக்கைப் பார்: எதிரி திருப்பி ஓடியதைக் கழித்த பிறகு மிஞ்சுவது. ஒரு பன்ட்டுக்கு 8 யார்டு வித்தியாசம், ஐந்து பன்ட் என்றால் 40 யார்டு. நான்கு முதல் டவுனை இலவசமாகக் கொடுத்ததற்குச் சமம். நவம்பரில் பந்து கல்லாகிவிடும், காற்றும் சேரும். செப்டம்பரில் 45 யார்டு அடித்தவனை அப்போது நம்ப முடியாது.

பிளேஆஃப் பற்றிச் சுருக்கமாக. 2024-இலிருந்து 32-க்குப் பதில் 40 அணி. கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கு இடம் நிச்சயம். சமமாக முடிந்தால் பட்டத்தைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் அந்த நிச்சய இடம் ஒருவருக்குத்தான். மூன்று அணி ஒருவரையொருவர் வட்டமாக அடித்துவிட்டால் என்ன விதி என்பதை இப்போதே கான்ஃபரன்ஸ் கையேட்டில் படித்து வை. கடைசி வாரம் எல்லோரும் உன்னைத்தான் கேட்பார்கள். மற்றவர்களை என்பிஐ என்ற குறியீட்டின்படி எடுக்கிறார்கள், அதில் எதிரிகளின் பலமும் சேரும். அதனால் உன் கான்ஃபரன்ஸில் இரண்டு தோல்வியோடு நிற்பவனுக்கும் கதவு மூடிவிடாது. 500 மைலுக்குள் இருந்தால் பஸ்ஸில்தான் அனுப்புவார்கள். விமானச் செலவைக் குறைக்கப் பார்ப்பதால் முதல் சுற்றுகளில் மின்னசோட்டா, இல்லினாய், அயோவா அணிகளே பெரும்பாலும் எதிரே வரும். இல்லினாயின் நேப்பர்வில்லில் இருக்கும் நார்த் சென்ட்ரல் கல்லூரியை இப்போதிருந்தே கவனி. 2019, 2022, 2024 சாம்பியன்கள்.

கட்டுரையை மறுபடி எழுதும்போது எட்டு அணிக்கும் சம இடம் கொடுக்காதே. லைன் மாறிய அணிக்கும், குவார்ட்டர்பேக் போன அணிக்கும் நாலு பத்தி. மாறாதவர்களுக்கு நாலு வரி போதும். முதல் வாரம் மைதானத்துக்குப் போகும்போது பந்தைப் பார்க்காமல், ஸ்னாப் ஆனதும் லைன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒரு குவார்ட்டர் முழுக்கப் பார். பைனாகுலர் உன் பச்சைப் பெட்டியில், கம்பளிக்கு அடியில் இருக்கிறது. அக்டோபர் கடைசிக்கு மேல் பென்சில் கொண்டு போ, குளிரில் பேனா எழுதாது. திருத்திய கணக்கை எனக்கு அனுப்பு. சாக்கைக் கழித்திருக்கிறாயா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
அம்மா