அன்றைக்கு மேகம் இல்லை

செம்பூர், மும்பை
மார்கழி 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

கப்பலை விட்டு இறங்கி மூன்று நாள் ஆகிறது. அம்மாவுக்குக் குளிக்கும்போது கண்ணை மூடினால் இன்னும் தரை ஆடுகிறதாம். போனில் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள்: சாப்பாடு, மேடையில் நடந்த மேஜிக், லட்சத்தீவில் படகு மாறும்போது நான் ஒற்றைச் செருப்பைக் கடலுக்குக் கொடுத்தது. அதையெல்லாம் நான் விட்டுவிடுகிறேன். அவள் சொல்லாமல் எனக்கென்று மிச்சம் வைத்த ஒன்று இருக்கிறது. போனில் அதைப் பேச எனக்கு வாய் வராது.

14-ஆம் தேதி இரவு. டிக்கெட் போடும்போது "அந்தத் தேதிதான்ப்பா, மாத்தாதீங்க" என்று நீ அத்தனை பிடிவாதம் பிடித்தாயே, அன்றைக்குத்தான் விலை குறைவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பல்லார்டு பியரில் பெட்டியோடு வரிசையில் நிற்கும்போதுகூட எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஏறி உட்கார்ந்த பிறகு உன் மெசேஜைப் பார்த்தேன். "நாளைக்கு ராத்திரி மேலே பாருங்க, எரிநட்சத்திர மழை. நிலா சீக்கிரம் இறங்கிடும்."

கடலுக்குப் போய்விட்டால் இருட்டுக்குக் குறையிருக்காது என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது கப்பல் இல்லை பாப்பா, மிதக்கும் கல்யாண மண்டபம். மேல்தளத்தில் நீச்சல் குளத்தைச் சுற்றி நீலமும் ஊதாவுமாக விளக்கு, ஒரு பையன் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருக்கிறான், எழுபது வயது மார்வாடித் தாத்தா ஒருவர் அவனைவிட உற்சாகமாக ஆடுகிறார். நிமிர்ந்து பார்த்தால் புகைபோக்கிதான் தெரிகிறது. சொன்னபடி மெல்லிய பிறை ஏழரை மணி வாக்கில் இறங்கிவிட்டது. ஆனால் அந்த வெளிச்சத்தில் பிறை இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன?

நம்மூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன்தான் காப்பாற்றினான். டெக்கில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவன், அம்மா என்னைத் தமிழில் திட்டுவதைக் கேட்டு நின்றான். தூத்துக்குடிக்காரன். விஷயத்தைச் சொன்னதும், "சார், ஏழாவது டெக்குல வலது பக்கம் பின்னால போங்க. அங்க ரெண்டு விளக்குதான், தூண் மறைச்சிரும். யாரும் வரமாட்டாங்க, செல்பிக்கு வெளிச்சம் பத்தாது" என்றான். அவன் அப்பா வல்லத்தில் போனவராம். நட்சத்திரம் என்று சொல்லவே மாட்டாராம், எல்லாமே வெள்ளிதான். "இப்ப வாடைக் காத்து சார், வானம் சுத்தமா இருக்கும்" என்று வேறு தைரியம் சொன்னான்.

போய்ச் சேரும்போது எட்டரை இருக்கும். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், அம்மா "ஏங்க!" என்றாள். நான் நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது. தண்ணீரை ஒட்டினாற்போல் நீளமாக, அவசரமே இல்லாமல் ஒன்று போனதாம். மிதுன நட்சத்திரக் கூட்டம் அடிவானத்தில் இருக்கும் நேரத்தில் வரும் எரிநட்சத்திரங்கள் அப்படித்தான் காற்றின் மேல்விளிம்பைச் சாய்வாக உரசிக்கொண்டு வெகுதூரம் ஓடும். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் நீளம். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம், அவள் பார்த்தாள், நான் பார்க்கவில்லை என்பதுதான். சாப்பிடப் போன இடத்திலும் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டரைக்கு மறுபடி போனோம். அம்மா மங்கி கேப், சால்வை, காலில் உன் பழைய சாக்ஸ். போனை அணைத்து என்னிடம் கொடுத்துவிடு என்று கறாராகச் சொல்லிவிட்டேன். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிஷம் வேண்டும், நடுவில் ஒருமுறை திரையைப் பார்த்தாலும் போச்சு. பத்தாவது நிமிஷத்தில் திருவாதிரை சிவப்பாகத் தெரிந்தது. அப்புறம் மேற்கே சாய்ந்த கார்த்திகைக் கூட்டத்தில் ஆறையும் பிரித்து எண்ண முடிந்தது. செம்பூரில் அது ஒரு பஞ்சுத் துணுக்கு மாதிரிதானே தெரியும், அதுவும் மழை கழுவிவிட்ட நாளில்.

எல்லாம் எங்கிருந்து கிளம்பின தெரியுமா? புனர்பூசத்திலிருந்து. உன் நட்சத்திரம். புனர்பூசம் என்பது மிதுனத்தின் அந்த இரட்டை விளக்குகள்தான், ஆங்கிலத்தில் கேஸ்டர், போலக்ஸ் என்பார்கள். கேஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் சிதறுகிற மாதிரி இருக்கிறது. இரண்டரை மணிக்கு அது கிட்டத்தட்ட எங்கள் தலைக்கு மேலே வந்துவிட்டது. அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. "பாப்பா நட்சத்திரமா உதிருது?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நட்சத்திரம் எதுவும் உதிரவில்லை, ஃபேத்தான் என்று ஐந்தாறு கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பாறை சூரியனைச் சுற்றுகிறது, அது விட்டுப்போன தூசிக்குள் பூமி நுழைகிறது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். மற்ற மழைகள் பெரும்பாலும் வால்நட்சத்திரத் தூசி. இது பாறைக்குப் பிறந்தது என்கிறார்கள். அதையும் 1983-இல்தான் ஒரு செயற்கைக்கோள் கண்டுபிடித்தது. ஒன்றரை வருஷத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடுமாம், புதனைவிட உள்ளே போய்ச் சூரியனிடம் வெந்துவிட்டு வருமாம். "மணல் மாதிரி தூசிதாண்டி எரியுது, எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்துல" என்றேன். "மணலோ கல்லோ, பச்சை மரத்தைப் பாக்கணும்" என்றாள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எரிநட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் வெளியே சொல்லக் கூடாது, உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று கோவில்பட்டி ஆச்சி சொல்வாளே. பழைய பயம்தான். கூடலூர் கிழார் ஒரு பங்குனி நள்ளிரவில் ஒரே ஒரு விண்மீன் விழுந்ததைப் பார்த்துவிட்டு, சேர மன்னனுக்கு என்ன ஆகுமோ என்று கலங்கினார். ஏழாம் நாள் அவன் இறந்தே போனான். புறநானூற்றின் 229-ஆம் பாட்டு அது. அவருக்கு ஒன்று, உன் அம்மாவுக்கு அன்று ஒரு மழையே. அரபிக் கடலுக்கு நடுவில் மரத்துக்கு எங்கே போவாள்? சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். என் சட்டை பச்சையா என்றுகூடத் தடவிப் பார்த்தாள், இருட்டில் என்ன தெரியும்.

அப்போதுதான் மேற்கே ஒரு விளக்கு. இன்னொரு கப்பல், எங்களுக்கு எதிர்த் திசையில், வடக்கே போகிறது. நாற்காலிப் பையன் வேலை முடிந்து எங்களைப் பார்க்க வந்திருந்தான். "அதோட வலது பக்கம் நமக்குத் தெரியுதும்மா. வலது பக்கம் பச்சை, இடது பக்கம் சிவப்பு, எல்லாக் கப்பலுக்கும் அதே சட்டம்தான். ராத்திரி பூரா எரிஞ்சே ஆகணும்" என்றான். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பச்சைப் புள்ளி தேயும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பி வந்து நிம்மதியாகப் படுத்துக்கொண்டாள். அதுவரை விழுந்தது, இனி விழப்போவது, இரண்டுக்கும் சேர்த்துப் பார்த்தாகிவிட்டதாம்.

நீ கேட்ட போட்டோ இல்லை. ஐந்து விநாடி திறந்து வைத்தால் எல்லா நட்சத்திரமும் புழுவாக நெளிகிறது. கப்பல் ஆடுவது நமக்குத் தெரியாவிட்டாலும் கேமராவுக்குத் தெரிந்துவிடுகிறது. எங்களுக்கு ராத்திரி ஒரு மணி என்றால் உன் ஊரில் காலை எட்டரை, நீ பஸ்ஸில் இருந்திருப்பாய். ராத்திரியாகவே இருந்தாலும் ஆக்லாந்தில் புனர்பூசம் வடக்கே தாழ்வாகத்தானே போகும், உனக்கு இதில் பாதிகூடத் தெரிந்திருக்காது. அங்கே வானமே தலைகீழ் என்று வந்த புதிதில் அழுகிற குரலில் சொன்னாய்.

இனி சொல்ல வேண்டியதுக்கு வருகிறேன்.

மிதுனத்து எரிமீன்கள் மெதுவாக வருபவை, நொடிக்கு 35 கிலோமீட்டர். மெதுவு என்றால் இதுதான் மெதுவு! ஆனால் நிஜமாகவே "அதோ" என்று சொல்லி, கை நீட்டி, பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கவும் நேரம் கிடைத்தது. சிம்மத்திலிருந்து வருபவை அப்படி இல்லை. நொடிக்கு 71. வந்தது தெரியாது, வெள்ளைத் தடம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், பார்த்திருக்கிறேன்.

2001 நவம்பர் 18 இரவு, விடிந்தால் 19. உனக்கு ஒன்பது வயது. தீபாவளி முடிந்து நாலு நாள், லீவு. பேப்பரில் வந்த படத்தைக் கத்தரித்து உன் நோட்டில் ஒட்டியிருந்தாய். அந்த வருஷம்தான் வொர்லி நேரு கோளரங்கத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன், அதிலிருந்து வீட்டில் நீதான் வானவியல் டீச்சர். "ரெண்டு மணிக்கு எழுப்புங்கப்பா" என்று மூன்று முறை சத்தியம் வாங்கினாய். மும்பையின் நவம்பரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுத்தாய். தலைமாட்டில் டார்ச், வாசலில் மாடிப்படியைப் பார்த்துத் திருப்பி வைத்த செருப்பு.

இரண்டு மணிக்கு எழுந்தேன். ஏதாவது தெரிகிறதா என்று முதலில் நான் பார்க்கலாம், ஒன்றும் இல்லாவிட்டால் பிள்ளை தூக்கத்தை ஏன் கெடுப்பானேன் என்றுதான் தனியாக மாடி ஏறினேன். மாகுல் பக்கம் எண்ணெய் ஆலையின் தீக்கொழுந்து எரிகிறது. அதை மீறி, கிழக்கே சிம்மம் ஏறியிருந்த இடத்திலிருந்து ஒன்று கிழித்துக்கொண்டு தலைக்கு மேல் போனது. அடுத்தது வருவதற்குள் இறங்கி உன்னை எழுப்பிவிடலாம் என்று படிவரை வந்தேன். இன்னொன்று. சரி, இன்னும் ஒன்று பார்த்துவிட்டு. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் படுத்தேன். அறுபதுக்கு மேல் எண்ணினேன் பாப்பா. நடுவில் உன் நினைப்பு வரவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். வந்தது. வந்தும் இறங்கவில்லை. வொர்க்ஷாப், ஓவர்டைம், லோன் என்று ஓடிக்கொண்டிருந்த வருஷம், ராத்திரியில் யாரும் என்னை ஒன்றும் கேட்காமல் மூன்று மணி நேரம். கிழக்கு வெளுத்த பிறகுதான் இறங்கினேன்.

ஆறரைக்கு நீ எழுந்து, "ஏம்ப்பா எழுப்பலை?" என்றாய். "ஒரே மேகம்டா, ஒண்ணுமே தெரியலை" என்றேன். நீ அழுதிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றி, கையை உள்ளே மடித்து, அலமாரியில் வைத்தாய்.

கப்பலில் அன்று மூன்று மணி சுமாருக்கு இதை அம்மாவிடம் சொன்னேன். இருட்டில் முகம் தெரியாதது வசதியாக இருந்தது. அவள் அசையவே இல்லை. "தெரியும்" என்றாள். நாலரைக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்தபோதே கேலரியிலிருந்து பார்த்தாளாம், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்ததாம். ஐந்தரைக்கு நான் பனியன் முதுகெல்லாம் தொட்டிப் பாசியோடு வந்து நின்றபோது காபியைக் கையில் கொடுத்தாளே, அப்போதே தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

"அவளுக்கு மட்டும் தெரியாதுன்னா நினைச்சீங்க? மறுநாள் பேப்பர்லயே போட்டிருந்தானே. லீவு முடிஞ்சு ஸ்கூலுக்குப் போனா மத்த பிள்ளைங்க சொல்லாதா?" என்றாள்.

இது எனக்கு ஏன் தோன்றவே இல்லை என்று தெரியவில்லை. உன் நோட்டில் அதற்கப்புறம் நீ எதையும் ஒட்டவில்லை என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தத் தேதிதான் வேண்டும் என்று நீ ஏன் அடம் பிடித்தாய் என்பதும்.

அன்றைக்கு மேகம் இல்லை. நான்தான் எழுப்பவில்லை.

சிம்ம மழையைக் கொட்டும் வால்நட்சத்திரம் டெம்பிள்-டட்டில், 33 வருஷத்துக்கு ஒருமுறை வருவது, 2031-இல் மறுபடி சூரியன் பக்கம் வருகிறது. எனக்கு அப்போது எழுபத்துமூன்று. நவம்பரில் லீவு எடுக்க முடியுமா என்று இப்போதே ஆபீசில் கேட்டு வை. நம் பழைய கட்டடம் போய் இருபத்திரண்டு மாடி வந்துவிட்டது, மொட்டை மாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் வாட்ச்மேன் விருதுநகர்க்காரர், சாவி கிடைக்கும்.

தேங்காய்ப் பொடியும் சுக்குப் பொடியும் தனிப் பார்சலில் வருகிறது. இந்தக் கடிதத்தோடு கப்பல் டிஷ்யூ காகிதம் ஒன்று மடித்து வைத்திருக்கிறேன், கிழியாமல் பிரி. அன்றைய கணக்கு, 83. இருட்டில் தடவித் தடவிப் போட்ட கோடு, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். முதல் கோட்டைச் சுற்றி வட்டம் போட்டது அம்மா. நான் பார்க்காத அந்த எட்டரை மணி ஒன்று.

அன்புடன்,
அப்பா