வழக்குக் கட்டைக் கொடுத்துவிட்டு ஓட்டுக் கேளுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தேர்தலில் நிற்கும் வழக்கறிஞர் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

வக்கீல்கள் அரசியலுக்கு வரக்கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சேலத்தில் வக்கீலாக இருந்துதான் 1917-ல் நகராட்சித் தலைவரானார். வாச்சாத்தி மக்களுக்கு 1992-ல் நடந்த கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றத்தில் 2011-ல்தான் தீர்ப்பு வந்தது. வாய்தாவுக்கு வாய்தா வந்து நிற்கும் வக்கீலின் அருமை எங்கள் சீமைக்குத் தெரியும்.

எங்கள் பாகப்பிரிவினை வழக்கை நடத்திய வக்கீல் ஓர் அரசியல் கட்சியில் இருப்பவர். வேட்பாளர் பட்டியலில் அவர் பெயர் வந்ததும் குமாஸ்தா என் தாயாரிடம், "நீங்க அலைய வேண்டாம்மா, எலெக்‌ஷன் முடியட்டும், ஐயா பாத்துக்குவாரு" என்றார். அம்மாவும் நம்பினார். வாய்தா தேதி எழுதிய சீட்டுகளை எல்லாம் சுருக்குப் பையில் வைத்திருப்பவர், அந்த ஒரு தேதிக்கு மட்டும் போகவில்லை. மார்ச் மாதத்திலேயே வழக்கைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாதியும் இல்லை, வக்கீலும் இல்லை. தள்ளுபடி.

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் போனபோதுதான் எங்களுக்கே தெரியும். மறுபடி கோப்பில் எடுக்கச் சொல்லி 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். அது எப்போதோ கடந்துவிட்டது. இனி தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு. தவறு செய்யாத என் தாயார் மன்னிப்புக் கேட்க வேண்டும். சரி, வேறு வக்கீலை வைக்கலாம் என்றால், புது வக்கீலுக்கு வழக்கை நடத்த அதிகாரம் தரும் வக்காலத்தில், ஆட்சேபணை இல்லை என்று முந்தையவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். வழக்குக் காகிதங்கள் எல்லாம் அடங்கிய கட்டும் அவரிடமே இருக்கிறது. போன் செய்தால் கூட்டத்தில் இருக்கிறார், மாநாட்டுக்குப் போயிருக்கிறார்.

ஐயா, கட்டைக் கொடுத்துவிடுங்கள். பீஸ் பாக்கி இருந்தாலும் வழக்கைக் கொடுத்த கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. எங்களுக்குப் பாக்கியும் இல்லை.

வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், உங்கள் மீதுள்ள வழக்குகள் எல்லாம் எழுதுகிறீர்கள். உங்களை நம்பி எத்தனை பேருடைய வழக்கு நிற்கிறது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. எம்.எல்.ஏ., எம்.பி. ஆன பிறகும் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று 2018-ல் தீர்ப்பு வந்தது. செய்யுங்கள், ஆனால் கோர்ட்டுக்கு வந்து செய்யுங்கள். ஒத்துழையாமை இயக்கத்துக்குப் போன ராஜாஜி நல்ல வருமானம் தந்த தொழிலையே விட்டுவிட்டுப் போனார். நீங்கள் அதையும் விடுவதில்லை, எங்களையும் விடுவதில்லை. வாசல்வாசலாக வந்து கும்பிடுகிறவர்களுக்கு, நம்பி வக்காலத்துக் கொடுத்த கிழவி மட்டும் கண்ணில் படுவதில்லையே, ஏன்?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது பெரிதல்ல. வேட்புமனுத் தாக்கலுக்குப் போகும் முன் கையிலுள்ள வழக்குகளை ஜூனியரிடமோ வேறு வக்கீலிடமோ முறையாக ஒப்படையுங்கள். கட்சிக்காரருக்கு நீங்களே சொல்லுங்கள், குமாஸ்தா வழியாக வேண்டாம். கேட்டவருக்குக் கட்டையும் கையெழுத்தையும் அன்றே கொடுங்கள். இதைக் கண்டிப்பான வழக்கமாக்கும்படி இரு மாவட்ட வழக்கறிஞர் சங்கங்களையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊத்தங்கரை வட்டத்து வாதி ஒருவரின் மகன்