படத்தின் ஓரத்தில் கிடந்த காலித் தோட்டாக்கள்

அன்புள்ள இளங்கோவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. நீயே வெடிமருந்து நிரப்பிச் செய்த தோட்டாக்களைச் சுட்டுவிட்டுத் தம்பிக்கு அனுப்பிய படத்தை அவன் காட்டினான். நூறு மீட்டரில் மூன்று குண்டும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள்! வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டிவிட்டேன். எனக்கே நேராக அனுப்பியிருக்கலாம். சரி, போகட்டும்.

படத்தின் ஓரத்தில் காலித் தோட்டாக்கள் அடிப்பக்கம் தெரியக் கிடந்தன. பெரிதாக்கிப் பார்த்தேன். அடியின் நடுவில் இருக்கும் பிரைமரின், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் குப்பியின், விளிம்பில் வளைவே இல்லை. தட்டையாகிக் குழியை நிரப்பிக்கொண்டு நிற்கிறது. அது மட்டும் என்றால் விட்டிருப்பேன், சில பிரைமர் மென்மையாக இருக்கும். ஆனால் ஒன்றின் அடித்தட்டில் பளபளவென்று ஒரு சின்ன வட்டம். வெளிச்சம் பட்டதாகவும் இருக்கலாம். வெடிப்பின் அழுத்தம் மிஞ்சும்போது தோட்டாவின் பித்தளை, காலித் தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளைக்குள் பிதுங்கி, அறையை மூடும் போல்ட் திரும்பும்போது தேய்ந்து, அப்படி ஒரு தடம் விழும். போல்ட்டைத் தூக்கும்போது கைக்குக் கனமாக இருந்ததா? நீ எழுதவில்லை. கொஞ்ச நாளாக நீ எதையுமே எழுதுவதில்லை.

உன் .308 தோட்டாவுக்கு அழுத்த வரம்பு 62,000 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு. பித்தளையில் அடையாளம் தெரிகிறது என்றால் பெரும்பாலும் அதைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். தெரியவில்லை என்பதால் பத்திரம் என்றும் இல்லை. வேகம் அளந்தாயா? மருந்தளவு மேனுவலில் போட்டிருப்பதைவிட உன் குண்டு வேகமாகப் போகிறது என்றால் அந்த வேகத்துக்கு அழுத்தம்தான் விலை. உன் துப்பாக்கி நல்ல துப்பாக்கி என்பதால் கூடுதல் வேகம் சும்மா வந்துவிடாது.

புதுப் பித்தளைக் கூடு வாங்கினாயாம், தம்பி சொன்னான். எதுவென்று அவனுக்குத் தெரியவில்லை. ராணுவப் பித்தளையாக இருந்தால் பெரும்பாலும் சுவர் தடிமன், உள்ளே இடம் குறைவு. பழைய பித்தளையில் சாதுவாக இருந்த அதே மருந்தளவு இதில் எகிறிவிடும். பித்தளையோ, பிரைமரோ, குண்டோ, மருந்தின் லாட் எண்ணோ, எது மாறினாலும் தொடக்க அளவுக்கு இறங்கி அங்கிருந்து ஏற வேண்டும். சின்ன வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து இதை நீயே ஒப்பித்தவன். அரை கிரெய்ன் என்பது 32 மில்லிகிராம். கண்ணுக்கு ஒன்றுமே இல்லை, உச்ச அளவின் பக்கத்தில் அதுவே எல்லாம். அப்புறம், குண்டுகள் இன்னும் நெருக்கமாக விழட்டும் என்று குண்டை வெளியே நீட்டி வைத்தாயா? குழலுக்குள் இருக்கும் சுருள் வரிகளில், ரைஃப்ளிங்கில், முட்டினால் அழுத்தம் இன்னும் ஏறும்.

பெரியப்பா மேசையில் இரண்டு வகை மருந்து டப்பா திறந்திருந்த கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. அவர் கையைப் பார்த்து வளர்ந்தவன் நீ. மேசையில் ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். மருந்து போட்டு முடித்ததும் எல்லாத் தோட்டாவுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார். வேலை முடிந்தால் மிச்சத்தை அதே டப்பாவில் கொட்டிவிடு, மருந்து அளக்கும் குடுவையில் விட்டுவைக்காதே. உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்தத் தொகுதியில் மீதி இருப்பதைச் சுடாதே. வேட்டைப் பருவம் முடிகிறது என்றாலும் சுடாதே. தராசை எடைக்கல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, சில தோட்டாக்களில் குண்டைப் பிடுங்கி மருந்தை நிறுத்துப் பார். மேனுவல் சொல்லும் அளவையும் நீ போட்ட அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தோட்டாக்களின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு. தம்பிக்கு அல்ல, எனக்கு.

அப்பா