கூடு போட்ட விரலுக்கும் ஒரு திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும் வளையும் திரைகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எவ்வளவு மெல்லிசு, எவ்வளவு வளையும் என்பதெல்லாம் சரி. கட்டிக்கொள்கிறவர் அதை எப்படி இயக்குவார் என்று ஒரு வரிகூட இல்லை.

நான் நீடாமங்கலம் பக்கம் தவில் வாசிப்பவன். இடது கையில் பூவரசங்குச்சி. வலது கை விரல்களில் துணியைப் பசை தடவிச் சுற்றிக் காயவைத்த கூடு, கல்லாக இறுகியிருக்கும். தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்வது. கூட்டால் தட்டினால் சட்டையே செய்யாது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தாயிற்று, எந்த நொடியும் கெட்டிமேளம் கொட்ட வேண்டும், அப்போது கூட்டைக் கழற்றிக்கொண்டா இருப்பது?

மகன் வாங்கித் தந்த கடிகாரம் இன்னொரு வேடிக்கை. கையைத் தூக்கினால் திரை எரியுமாம். தனி வாசிக்கிறவனுக்குக் கை எப்போது கீழே இருந்தது? மண்டபத்தில் உட்கார்ந்தபடியே வாசித்த என்னை, ஊர்வலம் போனவன் கணக்காக நடை எண்ணி வைத்திருந்தது. அழைப்பு வந்தால் அதிர்கிறது, அடிக்கிற கைக்கு அது எங்கே தெரியப்போகிறது!

2011-இல் கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ‘பேப்பர்போன்’, ‘ஸ்னாப்லெட்’ என்று வளையும் திரைக் கருவிகளுக்கு இரண்டு மாதிரிகள் செய்தார்கள். பேப்பர்போனை வளைத்தே இயக்கலாம். ஸ்னாப்லெட் மணிக்கட்டில் வளைந்திருந்தால் கடிகாரம், கழற்றி நிமிர்த்தினால் எழுதும் பலகை. இவற்றின் உணரிகள் பார்ப்பது வளைவை, தோலை அல்ல. கூடு போட்ட விரலாலும் ஓரத்தை நெம்பிவிடலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. ஆனால் வாசிக்கும்போது மணிக்கட்டும் சேர்ந்து புரளும். அதையும் கட்டளை என்று எடுத்துக்கொண்டால் சொற்கட்டுக்கு, அதாவது தாளச் சொற்கோவைக்கு, நடுவே யாருக்காவது போன் போய்விடும். ஓரத்தை வெளிப்பக்கம் நெம்பிச் சற்றுப் பிடித்திருப்பது போல, வாசிப்பில் தானாக வராத அசைவாகப் பார்த்து வைக்க வேண்டும்.

எழுத்து எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதும் உண்டு. 2014-இல் வந்த சாம்சங் கியர் ஃபிட் என்ற மணிக்கட்டுப் பட்டையில் எழுத்து பட்டையின் நீளவாக்கில் ஓடியது. கழுத்தைச் சாய்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது என்று குறை வந்த பிறகு நிமிர்த்திக் காட்டும் வசதியைச் சேர்த்தார்கள். குச்சி பிடித்த கையில் எனக்குக் கண்ணில் படுவது கட்டைவிரல் பக்கம் மட்டும்.

தஞ்சாவூர், திருச்சி பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது இதை ப்ராஜெக்டாக எடுத்தால், தை மாத முகூர்த்தம் ஒன்றில் மேளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். என் கூட்டைப் போட்டுப் பார்க்கவும் தருகிறேன். அளவு சேருமா என்பது வேறு.

இப்படிக்கு,
ஒரு தவில்காரர்,
நீடாமங்கலம்.